ஸ்வீடன் அம்மாளின் அத்தை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி, அடுக்குமாடி வீடுகளை உரசிக்கொண்டு போகிற ரயில். யார் வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்த்துவிடலாம். அதனாலேயே ஒரு புளோக்கை நெருங்கியதும் ரயிலின் ஜன்னல் கண்ணாடி தானாக வெளுத்துவிடும், தாண்டியதும் தெளிந்துவிடும். லிட்டில் இந்தியாவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் நான். தெளிவாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. காட்டாமல் இருப்பதற்கென்றே ஒருவர் கண்ணாடி செய்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

என் அண்ணன் மகள் என்னோடு வந்து தங்கிய புதிதில், ஒரு சாயங்காலம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. கண்ணாடி வெளுத்தது. "ஸ்னோ," என்றாள். நான் எதுவும் கேட்காமல் அவளாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அந்தப் பெருமை என்னுடையதில்லை, ஒரு ஸ்வீடன் அம்மாளுடையது.

அந்த அம்மாள் குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவருடைய புத்தகம் ஒன்றின் ஆங்கிலப் பதிப்பை ஒரு வாடிக்கையாளர் என் கடையில் விட்டுப் போனார். குடையை மறப்பவர்கள் உண்டு, புதுக் கண்ணாடியை வாங்கிக் காசும் கொடுத்துவிட்டு அதையே மறந்து போகிறவர்கள்கூட உண்டு. புத்தகத்தை மறந்தவர் அவர் ஒருவர்தான். திரும்பி வரவும் இல்லை. பின்னட்டையில் எழுத்தாளரின் படம் இருந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பனியில் ஒரு சறுக்கு வண்டியின் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். கம்பளிக் கோட்டில் ஒரு பித்தான் மாறிப் போய், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் நிற்கிறது. மூக்குக்கண்ணாடியும் கோணல். பார்த்ததும் அதைக் கழற்றி நிமிர்த்தித் தர வேண்டும் என்றுதான் என் கை பரபரத்தது.

அண்ணி போன வருடம் நோயில் இறந்துபோனார். அண்ணனுக்கு நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. போனால் வாரக்கணக்கில் திரும்ப முடியாது. உட்லண்ட்ஸில் இருக்கும் தன் வீட்டைப் பூட்டிவிட்டு மகளை என்னிடம் கொண்டுவந்து விட்டார். "வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. உன்கூட ஒட்டலைன்னா ஊட்டிப் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூல்ல போட்டுடறேன். அவ அம்மாவோட ஆளுங்க கோயம்புத்தூர்லதான் இருக்காங்க, போய் வந்து பார்த்துப்பாங்க," என்றார். கோபத்தில் சொல்லவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் ஒரு குழந்தைக்கு ஏங்கினேன் என்று யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும். குளிர்பெட்டியில் நான் வைத்த இடத்தில் வைத்தது இருக்கும். ஆனால் இந்தப் பெண் பல் தேய்க்கும்போது, ஆடுகிற கப்பலில் நிற்பவள் மாதிரி ஒரு கையால் கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். அதைப் பார்த்த முதல் காலையிலேயே முடிவு செய்துவிட்டேன், இவளை ஊட்டிக்கு விடக்கூடாது என்று.

முடிவு செய்தால் போதுமா? என் அலமாரியில் பாதியை அவளுக்காகக் காலி செய்து கொடுத்தேன். அவள் அதைத் திறக்கவே இல்லை. கொண்டு வந்த நீலப் பையிலிருந்து உடுப்பை எடுப்பாள். துவைத்து மடித்துக் கொடுத்தால் திரும்பப் பையிலேயே வைத்து ஜிப்பை இழுப்பாள். என்னை 'ஆன்ட்டி' என்றுதான் கூப்பிடுவாள். இந்த ஊரில் அதில் என்ன தப்பு? காப்பிக்கடையில் மேசை துடைப்பவர் ஆன்ட்டி, பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுபவர் ஆன்ட்டி, லிஃப்ட்டில் பார்த்து முறைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் ஆன்ட்டி. நானும் அந்த வரிசையில் ஒருத்தி. ஒருமுறை எங்கள் புளோக்குக்குக் கீழே உணவங்காடியில், பானக் கடைக்காரச் சீன அம்மா என்னைக் காட்டி, "யுவர் மம்மி ஆ?" என்று அவளிடம் கேட்டார். அவள் மைலோவிலிருந்து வாயை எடுக்காமல், "நோ லா. ஆன்ட்டி ஒன்லி," என்றாள்.

ஆன்ட்டி ஒன்லி. அந்த 'ஒன்லி' தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

என்னிடம் பொம்மை கிடையாது, விளையாடவும் தெரியாது. அந்தப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் சோபாவில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைப் பார்த்துப் பார்த்து வாயில் தமிழாக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். ஏன் தமிழ் என்றால், அவள் தன் அம்மாவிடம் தமிழ்தான் பேசுவாள். பள்ளிக்கும் சிநேகிதிகளுக்கும்தான் ஆங்கிலம். அந்த வீட்டுப் பேச்சு அவள் காதில் அடங்கிப்போயிருந்தது, அதைக் கொஞ்சம் எழுப்பலாம் என்று நினைத்தேன்.

கதையில் ஒரு சின்னத் தீவு. மரத்தால் கட்டிய சிவப்பு வீடு. அம்மா இல்லாத ஒரு சிறுமி; அப்பா கப்பலில் போகிறவர். அவளை ஒரு பெண் வளர்க்கிறாள். அந்தப் பெண் ஒருநாளும் 'அழாதே கண்ணே' என்று சொல்ல மாட்டாள். ரொட்டி சுடுவாள். வாத்தைத் துரத்துவாள். குழந்தை அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருப்பாள், அழுகை முடிகிறவரை சீவுவாள். அதற்குப் பிறகு அன்றைக்கு உருளைக்கிழங்குக் கூழ். எழுதியவர் இதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கமாட்டார். எனக்கு அந்த ஸ்வீடன் அம்மாளை அங்கேதான் பிடித்துப்போனது. நம் ஆட்களாக இருந்தால் ஒரு நீதியைச் சொல்லாமல் குழந்தையைத் தூங்க விட்டிருப்பார்களா?

புத்தகத்தில் அந்தப் பெண்ணை 'ஆன்ட்' என்று போட்டிருந்தது. தமிழில் என்ன சொல்வது? அம்மாவின் தங்கையா, அப்பாவின் தங்கையா என்று ஆங்கிலம் சொல்லாது. அதற்கு எல்லாம் ஒன்றுதான். அத்தை என்று வாய் வரை வந்தது. ஆனால் சீரியல்களில் அத்தை வந்தால் பின்னாலேயே இடி இடிக்குமே. இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்தான் அவளுக்கு அத்தை. ரொட்டி சுட்டு, வாத்தைத் துரத்தி, குழந்தையைக் காப்பாற்றும் ஒருத்தியை அத்தை, அத்தை என்று நானே வாசித்தால், எனக்கு நானே விளம்பரப் பலகை பிடிக்கிற மாதிரி இருக்காதா? அதனால் சித்தி என்றேன். சித்தி என்று சொல்லும்போதே வாயில் ஒரு இதம் இருக்கிறது.

முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போயின. ரயிலிலும் புத்தகத்தைக் கொண்டுபோனோம். அத்தியாயம் முடியாவிட்டால் எங்கள் நிலையத்தில் இறங்காமல் இன்னொரு சுற்று போவோம். வட்டப்பாதைதானே, எப்படியும் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து விடும். கண்ணாடி வெளுக்கும்போது தீவில் பனி பெய்யும். தெளியும்போது யாரோ துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள். பனி, சட்டைகள், பனி, ஒரு மீன் தொட்டி, பனி. என் தோளில் சாய மாட்டாள். ஆனாலும் அவள் பின்னல் அவ்வப்போது என் கையில் படும். அந்தக் கொஞ்சத்துக்காகவே மெதுவாக வாசித்தேன்.

பகலில் கடையில் ஆளில்லாத நேரம், ஏசி குளிரில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாக வெளியே பார்த்தால், அந்த அம்மாள் சிராங்கூன் சாலையில் நடந்து வருவார். நிஜமாகவே வருவது போலத்தான் இருக்கும். நம் வெயிலில் அந்தக் கம்பளிக் கோட்டோடு. பூக்கடையில் நின்று மல்லிகைச் சரத்தை முகர்ந்து பார்த்து, தலையில் வைக்கத் தெரியாமல் பையில் போட்டுக்கொள்வார். நகைக்கடைகளைத் திரும்பியும் பார்க்க மாட்டார். என் கடை வாசலில் வந்து நின்று, கோணல் மூக்குக்கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பார். உள்ளே வரச் சொல்வதற்குள் யாராவது நிஜ வாடிக்கையாளர் கதவைத் தள்ளி, பழைய ஃபிரேமுக்குப் புது லென்ஸ் போட முடியுமா என்று கேட்பார்கள்.

அதன் பிறகு என்னவோ ஆயிற்று. கதையில் சித்தி வருகிற இடமெல்லாம் இவள் முகம் இறுகியது. "போதும் ஆன்ட்டி, ஸ்லீப்பி," என்று எழுந்து போய்விடுவாள். அண்ணன் வீடியோ அழைப்பில் வந்தால், சாப்பிட்டியா என்று அவர் கேட்பதற்கு முன், "அப்பா, உங்க பின்னாடி யாரு?" என்பாள். "குக்கு மா. சமையல்காரரு." "லேடியா?" "தாடி வச்சிருக்காரு, பாரு." அவர் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு நீலப் பையின் ஜிப்பைச் சரிபார்க்கப் போவாள்.

ஒருநாள் கேட்டாள், "அந்தப் பொண்ணுக்கு சித்தி பிடிக்குமா?"

நான் மகிழ்ந்துபோனேன். கதை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "பிடிக்காம? சித்தி வந்த அப்புறம்தானே அவளுக்கு எல்லாம் சரியாச்சு! அம்மா மாதிரியே பார்த்துக்கிறாங்க இல்ல?"

அன்று இரவுச் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். குழந்தையைத் தேற்றுகிறேன் என்று வாயைத் திறந்ததற்குப் பதில், கதையில் வருகிறவள் மாதிரி உருளைக்கிழங்கைச் சீவியிருக்கலாம்.

வருடக் கடைசி நெருங்கியது. அண்ணன் விடுப்பில் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அதைச் சொன்னபோது அவள் துள்ளவில்லை. "தனியாவா வராங்க?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் நம்பவில்லை என்பது மட்டும் தெரிந்தது, எதை நம்பவில்லை என்று தெரியவில்லை. இவள் ஒட்டவில்லை, அண்ணன் வந்ததும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று மனதைத் தயார் செய்ய ஆரம்பித்தேன். ஸ்வீடன் அம்மாள் மேலும் எரிச்சல் வந்தது. புத்தகத்தைக் கடைக்கே கொண்டுபோய் மேசை மேல் வீசி வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை நல்ல மழை. அவள் கடையின் உள்மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நனைந்த முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடிக் காலின் ஸ்குரூ விழுந்துவிட்டதாம். பெட்டியில் பொருத்தமான ஸ்குரூவை நான் தேடிக்கொண்டிருந்தபோது, கண்ணாடி இல்லாமல் மேசையைத் தடவியவரின் கை அந்தப் புத்தகத்தில் பட்டது. முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு ஒரு சின்னச் சத்தம் எழுப்பினார், சொந்தக்காரரைப் பஸ்ஸில் பார்த்துவிட்டால் வருமே, அந்தச் சத்தம். அவர் ஸ்வீடன்காரராம்.

எழுதியவரை அவர் ஊரில் அறியாத வீடு இல்லை என்றார். அந்த அம்மாள் ஒருமுறை இவருடைய பள்ளிக்கு வந்தாராம். மேடையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை, குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு ஆசிரியர் குனிந்து, கோட்டுப் பித்தான் மாறியிருக்கிறது என்று காதில் சொன்னார். தெரியும் என்றாராம் அந்த அம்மாள். சின்ன வயதில் தன் அம்மா இறந்துபோக, அப்பா கப்பலில் போக, தன்னை வளர்த்தவர் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் இப்படித்தான் பித்தான் போட்டுவிடுவார். அதனால் வேண்டுமென்றேதான் மாற்றிப் போடுகிறேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறார். அவருடைய எல்லாக் கதையிலும் அந்த ஒருவர்தான் வேறு வேறு வேலை செய்துகொண்டு வருகிறாராம், ஒரு கதையில் ரொட்டி சுடுவார், இன்னொன்றில் படகு ஓட்டுவார்.

புத்தகத்தைத் திருப்பிப் படத்தைப் பார்த்தேன். எத்தனை நாள் அந்தப் பித்தானைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

"இதில் வரும் ஆன்ட் அவர்தானா?" என்று கேட்டேன்.

அவருக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் எல்லாரும் ஆன்ட், அது என்ன பேச்சு என்றார். எங்களுக்கு அப்படி இல்லை, அம்மாவின் சகோதரி வேறு, அப்பாவின் சகோதரி வேறு. மூலத்தில் இருப்பது இதுதான் என்று, கண் பரிசோதிக்கும் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வார்த்தையை எழுதிக் காட்டினார். 'ஃபார்' என்றால் அப்பாவாம். 'சிஸ்தெர்' என்றால் சகோதரி. இரண்டும் ஒட்டி ஒரே வார்த்தையாகிவிட்டது.

மூலையில் இருந்தவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஃபாஸ்டர்?" என்று ஆங்கிலமாக வாசித்தாள். "வேகமாவா?"

அந்த அம்மா சிரித்துவிட்டு 'ஃபாஸ்தெர்' என்று சொல்லிக் கொடுத்தார்.

நான் அவளிடம் தமிழில் சொன்னேன், "தப்பாச் சொல்லிட்டேன்டி. அவங்க சித்தி இல்ல. அந்தப் பொண்ணோட அப்பாவுக்குத் தங்கச்சி."

அவள் என்னையே பார்த்தாள். "சித்தி இல்லையா?"

"இல்ல."

"அப்போ அப்பா மேரேஜ் பண்ணிக்கலையா?"

"எந்த அப்பா?"

"என் அப்பா."

ஸ்குரூ கையிலிருந்து விழுந்தது. பிறகு அவளிடமிருந்து விஷயம் துண்டு துண்டாக வெளியே வந்தது. அவளுக்குச் சித்தி என்று யாரும் இருந்ததில்லை. அண்ணிக்கு அக்கா தங்கை கிடையாது. அர்த்தம் தெரியாமல் வகுப்புச் சிநேகிதியிடம் கேட்டிருக்கிறாள். அந்தச் சிநேகிதிக்கு வீட்டில் ஒரு சித்தி இருக்கிறார். "அவ மம்மி இல்லாததால அவ டாடி நியூ மம்மி கூட்டிட்டு வந்தாங்களாம். அவங்கதான் சித்தியாம். அப்பாவும் கூட்டிட்டு வரப் போறாங்க, அதுக்கு நான் ரெடியா இருக்கணும்னுதான் நீங்க அந்தப் புக்க டெய்லி படிக்கிறீங்கன்னு நெனச்சேன். சித்தி வந்துட்டா உங்க வீட்லயும் இருக்க முடியாது இல்ல? அதான் பேக் பண்ணியே வச்சேன்."

தமிழில் சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான். பேச்சு வந்த நாளிலிருந்து தெரிந்த விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எந்த வார்த்தை இதமாக இருக்கிறது என்று தேர்ந்தெடுத்தேனோ, அதை வைத்தே ஒரு குழந்தையை இத்தனை நாள் பயமுறுத்தியிருக்கிறேன். அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். அந்த ஸ்வீடன்கார அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் என்ன ஆயிற்று என்று கேட்கவும் இல்லை. கீழே குனிந்து, கண்ணாடி இல்லாத கண்ணோடு, அந்தப் பொடி ஸ்குரூவைத் தரையில் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு இவள் மூக்கை உறிஞ்சியபடி கேட்டாள், "அப்பாவோட தங்கச்சியைத் தமிழ்ல என்ன சொல்லணும்?"

"அத்தை."

"நீங்க அப்பாவோட தங்கச்சிதானே?"

"ஆமா."

அவ்வளவுதான். வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிட்டாள். நானும் எதையும் இழுக்கவில்லை. அந்த ஸ்வீடன் அம்மாளிடம் அவ்வளவாவது கற்றிருந்தேன். சாயங்காலம் ரயிலில் அவளே புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். மறுபடி தொடக்கத்திலிருந்து வாசித்தேன். பழக்கதோஷத்தில் ஒருமுறை சித்தி என்று வந்துவிட்டது. முழங்கையால் இடித்துத் திருத்தினாள். கண்ணாடி வெளுத்துத் தெளிந்து வெளுத்தது. எங்கள் நிலையம் வந்து, போய், இன்னொரு முறையும் வந்து போனது.

அண்ணன் வந்து சேர்ந்தார், தனியாகத்தான். வாசலில் அவருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் மேல் தாவினாள். மறுநாள் காலை மூன்று பேரும் கீழே உணவங்காடிக்குப் போனோம். ஏசி வகுப்பறைக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை அந்தப் புழுக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தாள், பித்தான் ஒன்று மாற்றி. நிமிர்த்தப் போன என் கையைத் தட்டிவிட்டாள். அண்ணன் மேசையில் உட்கார்ந்து பேச்சை எடுத்தார். "ஊட்டி ஸ்கூல்ல பேசிட்டேன்மா. ஜனவரியில சேத்துக்கலாம்னு சொல்றாங்க." டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். அவளும் கூடவே ஓடி வந்தாள்.

பானக் கடை அம்மாவுக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒன்றுதான், யார் முகமும் நினைவில் நிற்காது. டீயை ஆற்றிக்கொண்டே என்னைக் காட்டி மறுபடியும் கேட்டார், "கேர்ல், யுவர் மம்மி ஆ?"

"நோ லா."

"ஆன்ட்டி ஆ?"

"நோ, ஆன்ட்டி. நாட் ஆன்ட்டி." அவளுக்கு அந்த அம்மாவின் மேல் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. "அத்தை."

"அதேய்?"

"அத்-தை. மை ஃபாதர்ஸ் சிஸ்டர். ஐ ஹேவ் ஒன்லி ஒன்."

அந்தக் குரல் மேசை வரை கேட்டிருக்கிறது. டீத் தட்டோடு நான் திரும்பி வந்தபோது என் மூக்குக்கண்ணாடி வெளுத்து எதுவும் தெரியவில்லை. ஆவி என்று சொல்லலாம், அழுதுகொண்டுதான் வந்தேன். அண்ணன் தட்டை வாங்கி வைத்துவிட்டு, மகளின் ஸ்வெட்டரைப் பார்த்தார். பித்தானைச் சரி செய்யவில்லை. சர்க்கரையைக் கலக்கினார், நெடுநேரம் கலக்கினார்.

"ஊட்டியில இப்ப ரொம்பக் குளிராம்மா," என்றார். "வேணாம்."